கஃபாலா: பாஸ்போர்ட்டுக்குப் பூட்டு போட்ட கதை

வளைகுடா என்றதும் நம் ஊர்களில் பலருக்கும் நினைவுக்கு வருவது விடுமுறையில் வந்து இறங்கும் ஒரு மனிதரும் அவருடைய அட்டைப்பெட்டியும்தான். கயிறு கட்டிய அந்தப் பெட்டிக்குள் கோடாலித் தைலம், டாங் பவுடர், சென்ட் பாட்டில், பெரிய போர்வை எல்லாம் இருக்கும். அந்தப் பெட்டி எத்தனையோ ஓட்டு வீடுகளை மாடி வீடாக்கியிருக்கிறது. எத்தனையோ தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறது. இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்த மனிதர் ஊருக்கு வர வேண்டுமென்றால் பல நாடுகளில் இன்னொருவர் சம்மதிக்க வேண்டியிருந்தது. அவர்தான் கஃபீல். வேலை கொடுத்தவரும் அவர், விசாவுக்குப் பொறுப்பானவரும் அவர், பல நேரங்களில் பாஸ்போர்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியவரும் அவரே. இந்த ஏற்பாட்டின் பெயர் கஃபாலா.

வெளிநாட்டில் வேலைக்குப் போனவர்கள் கொடுமைக்கு ஆளானதாகச் செய்தி வரும்போதெல்லாம் "அந்த முதலாளி கெட்டவன்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நல்ல முதலாளியும் கெட்ட முதலாளியும் எல்லா ஊரிலும் உண்டு. கெட்டவன் கையில் சிக்கியவர் ஏன் வேலையை விட்டுவிட்டு வெளியே நடந்து போக முடியவில்லை? கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்கு விடை கொஞ்சம் பழைய வரலாற்றில் இருக்கிறது.

முத்துக் குளித்த காலம்

கஃபாலா என்ற அரபுச் சொல்லுக்குப் பிணை, பொறுப்பேற்றல் என்று பொருள். ஆதரவற்ற குழந்தையை ஒருவர் தன் பொறுப்பில் எடுத்து வளர்ப்பதற்கும் இதே சொல்தான். நல்ல சொல். அது வேலையாளைக் கட்டிப்போடும் கயிறாக மாறியது 20ஆம் நூற்றாண்டில்.

எண்ணெய் கிடைப்பதற்கு முன் பஹ்ரைன், குவைத், கத்தார் பகுதிகள் முத்துக் குளிப்பை நம்பி வாழ்ந்தன. படகுத் தலைவரை நகூதா என்பார்கள். கடலில் மூழ்குபவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. முதலில் முன்பணம், பிறகு கிடைத்த முத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பங்கு பெரும்பாலும் முன்பணத்தை அடைக்கப் போதாது. மிச்சம் அடுத்த வருடக் கணக்கில் ஏறும். தகப்பன் இறந்தால் மகன் தலையில் ஏறும். கடன் தீராதவர் வேறு நகூதாவிடம் போக முடியாது. கணக்கை எழுதுபவரோ நகூதா, மூழ்குபவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது!

அப்போது அந்தப் பகுதி பிரிட்டிஷாரின் பிடியில் இருந்தது. கடலோடிகள் பல ஊர்களிலிருந்து வருவார்கள், போவார்கள். அவர்களைக் கண்காணிக்கப் பெரிய போலீஸ் படை கிடையாது. அதனால், வெளியூர்க்காரர்களுக்கு அவர்களை அழைத்து வந்தவரே பொறுப்பு என்ற ஏற்பாடு 1920களில் பஹ்ரைனில் உருவானது என்றும், இன்றைய கஃபாலாவின் வேர் அதுதான் என்றும் ஒமர் அல்ஷிஹாபி என்ற ஆய்வாளர் வாதிடுகிறார். அப்படியென்றால் இது வெறும் பாலைவன வழக்கம் அல்ல. சிக்கனமாக ஆட்சி நடத்த விரும்பிய ஒரு சாம்ராஜ்யத்தின் நிர்வாக உத்தியும்கூட.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வசதியான வீடுகளில் அடிமைகள் வேலை செய்த காலம் அது. அடிமை முறை பஹ்ரைனில் 1937லும், கத்தாரில் 1952லும், சவுதி அரேபியாவில் 1962லும்தான் சட்டப்படி ஒழிந்தது. அதாவது, வளைகுடாவுக்கு முதல் அலையாக வெளிநாட்டுப் பணிப்பெண்கள் போனபோது, வீட்டில் அடிமையைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருந்தது.

எண்ணெயும் ரூபாயும்

ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து 1930களில் முத்து வியாபாரத்தை முடித்து வைத்தன. அதே சமயத்தில் 1932ல் பஹ்ரைனிலும், 1938ல் குவைத்திலும் சவுதியிலும் எண்ணெய் கிடைத்தது. எண்ணெய்க் கம்பெனிகள் கிளார்க்குகளையும் தொழிலாளிகளையும் இந்தியாவிலிருந்து எடுத்தன. அப்போது வளைகுடாவில் புழங்கிய பணமே இந்திய ரூபாய்தான். 1959ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. குவைத் தினார் பிறந்தது 1961ல்தான்.

பிறகு வந்தது 1973. அரபு இஸ்ரேல் போரை ஒட்டிச் சுமார் 3 டாலராக இருந்த பீப்பாய் எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. சாலை, துறைமுகம், மருத்துவமனை, மாளிகை என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டும். கட்டுவதற்குச் சொந்த மக்கள் போதாது. ஆட்கள் வேண்டும், ஆனால் அவர்கள் குடிமக்களாகிவிடக் கூடாது. என்ன செய்வது?

பழைய பிணை முறை கைகொடுத்தது. வருகிற ஒவ்வொரு வெளிநாட்டவருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பு. அவர் இல்லையென்றால் விசா இல்லை, இகாமா இல்லை. வணிகவியல் மொழியில் சொன்னால், அரசு தன் குடியேற்றத் துறை வேலையை லட்சக்கணக்கான தனிநபர்களுக்கு அவுட்சோர்ஸ் செய்தது! இன்று ஐக்கிய அரபு அமீரகத்திலும் கத்தாரிலும் வாழ்கிற 10 பேரில் 8 பேருக்கும் மேல் வெளிநாட்டவர்தான்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

ஒருவர் ஊரில் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி ஏஜென்டுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகிறார். அங்கே இறங்கியதும் பாஸ்போர்ட் கைமாறுகிறது. சொன்ன சம்பளம் ஒன்று, வருகிற சம்பளம் வேறொன்று. வேறு கம்பெனியில் சேரலாமா? அதற்குப் பழைய முதலாளியின் ஆட்சேபணை இல்லாச் சான்றிதழ் வேண்டும். ஊருக்குத் திரும்பலாமா? சவுதியிலும் கத்தாரிலும் அதற்குக் கஃபீலின் அனுமதி தேவைப்பட்டது. சொல்லாமல் வெளியேறினால்? "ஓடிவிட்டார்" என்று முதலாளி புகார் கொடுத்தால் போதும். சவுதியில் இருந்தவர்கள் பயந்து உச்சரிக்கும் ஹுரூப் என்ற வார்த்தை இதுதான். அந்தப் புகாரோடு அவர் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவார். சம்பளம் தராதவர் சட்டப்படி முதலாளியாகவே இருப்பார், சம்பளம் கேட்டு வெளியே வந்தவர் குற்றவாளி ஆகிவிடுவார்.

தங்கும் இடமும் கம்பெனி கொடுப்பதுதான். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் நெருக்கமாகத் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்து ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். விடியற்காலையில், தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பிடித்த தீ அது.

கதவுக்குப் பின்னால்

கட்டுமானத் தொழிலாளிக்காவது பக்கத்துக் கட்டிலில் ஒரு ஊர்க்காரர் இருப்பார். வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு அதுவும் இல்லை. வேலை செய்யும் இடமும் தூங்கும் இடமும் ஒன்றே. குவைத்தில் வீட்டு வேலை விசாவைக் காதிம் விசா என்பார்கள். காதிம் என்றால் பணியாள். கம்பெனி வேலைக்காரருக்கு இருந்த தொழிலாளர் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு நெடுங்காலம் பொருந்தவே இல்லை.

இங்கே இன்னொரு கணக்கும் சேர்கிறது. பணிப்பெண்ணை வரவழைக்க முதலாளி ஏஜென்சிக்குப் பெரிய தொகையை முன்கூட்டியே கட்டுகிறார். "காசு கொடுத்து எடுத்தவள்" என்ற எண்ணம் அங்கே பிறக்கிறது. அவர் போய்விட்டால் முதலீடு நஷ்டம். அதனால்தான் பாஸ்போர்ட்டோடு வாசல் கதவுக்கும் பூட்டு விழுகிறது.

இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் 1990களில் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்கள் போன வழியிலேயே பின்னால் போனவர் ரிசானா நபீக், திருகோணமலை மாவட்டம் மூதூரைச் சேர்ந்தவர். பிறப்புச் சான்றிதழில் அவர் பிறந்த வருடம் 1988, பாஸ்போர்ட்டில் 1982. அதாவது 2005ல் சவுதிக்குப் போனபோது அவருக்கு உண்மையில் 17 வயது. வீட்டு வேலைக்கென்று போனவரிடம் கைக்குழந்தையையும் ஒப்படைத்தார்கள். போன சில வாரங்களில், அவர் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்த நான்கு மாதக் குழந்தை இறந்துபோனது. மூச்சுத் திணறி இறந்தது என்றார் ரிசானா. கழுத்தை நெரித்தார் என்றது குடும்பம். பிள்ளையை இழந்த தாயின் துயரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் வாக்குமூலம் வாங்கப்பட்டபோது ரிசானாவுக்கு வழக்கறிஞர் இல்லை, அவர் சொன்னதைச் சரியாக எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளரும் இல்லை. 2007ல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. உலகமெங்கும் இருந்து கருணை கேட்டும் பயனில்லாமல் 2013 ஜனவரி 9 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது.

2010ல் சவுதியிலிருந்து இலங்கை திரும்பிய ஒரு பெண்ணின் உடலில் ஆணிகளும் ஊசிகளுமாக இருபதுக்கும் மேல் இருந்தன. 2015ல் ரியாத்தில் வேலூர் மாவட்டத்துப் பெண் ஒருவர் கையை இழந்தார். தப்பிக்க முயன்றபோது வெட்டினார்கள் என்றார் அவர், மாடியிலிருந்து இறங்கும்போது விழுந்தார் என்றது அங்குள்ள போலீஸ் தரப்பு. எந்தத் தரப்பை நம்பினாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வாசல் வழியாகப் போக முடிந்த பெண் ஏன் மாடியிலிருந்து இறங்கப் போகிறாள்?

நமக்குத் தெரிந்த ஒரு துண்டுச் சீட்டு

வேலை மாற ஒரு காகிதம் வேண்டும் என்ற யோசனை அரபு நாட்டில் மட்டும் தோன்றியதல்ல. தமிழர்களுக்கு அது முன்பே பழக்கமானது. பிரிட்டிஷ் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தோடு போனார்கள். கடனை அடைத்தால் இவர்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு இருந்தால்தான் அடுத்த தோட்டத்தில் சேர முடியும். அதன் பெயர் துண்டு. ஆங்கிலேயரின் அறிக்கைகளிலும் அது அதே தமிழ்ப் பெயரில்தான் இருக்கிறது. சொல்லாமல் வேலையை விட்டால் சிறை என்றது 1865ஆம் வருடச் சட்டம்.

துண்டு முறை இலங்கையில் 1921ல் ஒழிக்கப்பட்டது. கத்தாரில் வேலை மாறுவதற்கான ஆட்சேபணை இல்லாச் சான்றிதழ் நீக்கப்பட்டது 2020ல். இடையில் 99 வருடங்கள்! நகூதாவின் கணக்கு, தோட்டத்துரையின் துண்டு, கஃபீலின் அலமாரி மூன்றும் வேறு வேறு கடற்கரைகளில் இருந்தாலும் செய்த வேலை ஒன்றுதான். மூன்றும் வேலையை விட்டுப் போகும் உரிமையை ஒருவரிடமிருந்து எடுத்து, அவருக்கு வேலை கொடுத்தவரிடமே கொடுத்தன.

மாற்றம் வந்ததா?

வந்தது, பாதி தூரம். 2011ல் ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளருக்கென 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. குவைத் 2015ல் போட்ட சட்டம் வார விடுமுறையையும், 12 மணி நேர உச்ச வரம்பையும், வருடத்துக்கு 30 நாள் விடுப்பையும் தந்தது. உலகக் கோப்பைக்காக உலகமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கத்தார், வெளியேறும் அனுமதியைப் படிப்படியாக நீக்கி 2021ல் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயித்தது. சவுதியும் அதே வருடம் வேலை மாறும் விதிகளைத் தளர்த்தியது. ஆனால் அந்தத் தளர்வில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை. வார விடுமுறை தருகிறார்களா என்று பார்க்க வீட்டுக்குள் நுழையும் இன்ஸ்பெக்டரும் இல்லை.

ஆட்களை அனுப்பும் நாடுகள் நினைத்தால் கொஞ்சமாவது முடியும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் உதாரணம். 2018ல் குவைத்தில் தன் நாட்டுப் பணிப்பெண் ஒருவரின் உடல் ஃப்ரீசரில் கிடைத்ததும் அது ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது. சில மாதங்களில் ஒப்பந்தம் வந்தது. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்திருக்கக் கூடாது, கைப்பேசியைப் பறிக்கக் கூடாது என்று அதில் எழுதப்பட்டது. ஆனால் ஒரு நாடு தனியாகக் கறாராக நின்றால் ஏஜென்சிகள் இன்னொரு ஏழை நாட்டுக்குப் போய்விடும். 2011ல் சம்பளப் பிரச்சினையில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பணிப்பெண்களுக்கு விசா கொடுப்பதைச் சவுதி நிறுத்தியபோது ஆப்பிரிக்கப் பெண்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். ஆகவே அனுப்பும் நாடுகள் சேர்ந்து பேரம் பேசாதவரை விலை கீழேதான் போகும்.

189ஆம் உடன்படிக்கையை இந்தியாவும் இன்னும் ஏற்கவில்லை. நம் நகரங்களின் அடுக்குமாடி வீடுகளிலும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வார விடுமுறை உண்டா, அவர் எந்த லிஃப்டில் ஏறலாம் என்பதை வீட்டுக்காரர்களே முடிவு செய்கிறார்கள். வெளிநாட்டில் நம்மவருக்கு மறுக்கப்பட்டதை இங்கே நாம் மற்றவருக்கு மறுத்துவிட்டு நியாயம் கேட்டால் அந்தக் குரலில் வலு இருக்காது.

அடுத்த முறை யாராவது வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால் "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா, ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் இருக்கிறதா, பிடிக்காவிட்டால் திரும்பி வர முடியுமா, அங்கே பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்றெல்லாம் கேட்க வேண்டும். மூதூரில் அந்த 17 வயதுப் பெண்ணின் பாஸ்போர்ட்டில் 1982 என்று எழுதியபோது கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை.