ஆனதோத்து நிலத்தின் பத்திரம்

முப்பத்தொரு வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். பைபிளை எடுத்தால் கை எரேமியா 32ஆம் அதிகாரத்துக்குத்தான் போகும். அதில் ஒரு கிரயம் நடக்கிறது. வாங்குபவர் எரேமியா தீர்க்கதரிசி. விற்பவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் அனாமெயேல். சொத்து, எருசலேமுக்கு வடக்கே நடந்தே போய்விடக்கூடிய ஆனதோத்து ஊரில் ஒரு நிலம். விலை 17 சேக்கல் வெள்ளி; நம் கணக்கில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சாட்சிகள் கையெழுத்துப் போட, வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். முத்திரை வைத்த பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டுவைக்கும்படி எழுத்தர் பாருக்கிடம் சொல்கிறார். பாருக்கு என் தொழில்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அப்போது பாபிலோன் படை நகரத்தை வளைத்து நிற்கிறது. வாங்குபவரோ காவல் முற்றத்தில் கைதி. என்னிடம் இப்படி ஒருவர் வந்திருந்தால், "ஐயா, கொஞ்சம் ஆறப்போடுங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். இந்த மண்ணில் மறுபடி வீடும் வயலும் கைமாறும் என்று காட்டவே எரேமியா வாங்கினார்.

ஆனால் அந்த நிலத்தில் அவர் ஏர் பூட்டியதாகப் பைபிளில் இல்லை. கி.மு. 586ஐ ஒட்டி நகரம் விழுந்தது. பாபிலோன் தளபதி, வேண்டுமானால் என்னோடு வா, இல்லையென்றால் இங்கேயே இரு என்றார். எரேமியா தங்கிவிட்டார். பாபிலோன் நியமித்த ஆளுநர் கெதலியாவை மிஸ்பா என்ற ஊரில் சாப்பாட்டு நேரத்தில் இஸ்மவேல் என்பவன் வெட்டிப்போட்டான். பழி நம் தலையில் விழும் என்று மிச்சமிருந்தவர்கள் எகிப்துக்கு மூட்டை கட்டினார்கள். போகலாமா என்று எரேமியாவைக் கேட்டதும் அவர்கள்தான். பத்து நாள் கழித்து அவர் போகாதே என்றதும் பொய்யன் என்று திட்டியதும் அவர்கள்தான். கடைசியில் அவரையும் பாருக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார்கள்.

போய்ச் சேர்ந்த இடம் தக்பானேஸ், நைல் டெல்டாவின் கிழக்கு ஓரத்துக் கோட்டை ஊர். அரண்மனை வாசலின் செங்கல் தளத்தில் பெரிய கற்களைப் புதைத்து, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் சிம்மாசனம் இதன்மேல் வரும் என்றார் எரேமியா. 1886இல் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி அங்கே தோண்டியபோது கோட்டைக்கு முன்னால் அகலமான செங்கல் மேடை கிடைத்தது. அந்த இடிபாட்டு மேட்டுக்கு உள்ளூரார் வைத்திருந்த பெயர், யூதன் மகளின் மாளிகை.

எகிப்தியரோடு அவர் பேசியதாக ஒரு வரி இல்லை. சண்டையெல்லாம் சொந்த ஜனங்களோடுதான். பெண்கள் வானராக்கினி என்ற தேவதைக்கு அப்பம் சுட்டுப் படைத்தார்கள். கண்டித்தார். அவர்கள் அசரவில்லை: படைத்த காலத்தில் வயிறாரச் சாப்பிட்டோம், நிறுத்தின பிறகுதான் பஞ்சமும் வாளும் வந்தது, புருஷன்மார் அறியாமலா செய்தோம்? எனக்கு என்னவோ அந்தப் பெண்கள்மேல் கோபம் வருவதில்லை. ஊர் எரிந்து வந்தவர்கள். அந்நியர் நடுவே எரேமியா வாழ்ந்தார் என்றால், அந்த அந்நியர் இவர்கள்தான். அவர் எப்படி முடிந்தார் என்று பைபிள் சொல்லவில்லை. கல்லெறிந்து கொன்றார்கள் என்பது பின்னால் வந்த மரபு.

எகிப்தில் யூதர் எழுதிவைத்த பத்திரங்களும் உண்டு. அடுத்த நூற்றாண்டில், எகிப்தின் தென்கோடியில் நைல் நதியில் உள்ள எலிபென்டைன் தீவில் யூதப் படைவீரர் குடியிருப்பு ஒன்று இருந்தது. யாகு என்று அவர்கள் அழைத்த தங்கள் கடவுளுக்குச் சொந்தக் கோயிலும் உண்டு. அந்தக் கோயில் ஊழியர் அனனியாவின் குடும்பப் பத்திரங்கள் அரமேய மொழியில், பாப்பிரஸில், கிடைத்திருக்கின்றன. இப்போது புரூக்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுருட்டி, கயிறு கட்டி, களிமண் முத்திரை வைத்தவை. அனனியாவின் மனைவி தாமெத் எகிப்திய அடிமைப் பெண். கி.மு. 437இல் அனனியா ஒரு வீடு வாங்கினார், விலை 14 சேக்கல். விற்றவர்கள் காஸ்பியர் இனத்துக் கணவனும் மனைவியும். நாங்கள் செக்குபந்தி என்று நாற்புற எல்லையை எழுதுவோமே, அதுவும் இருக்கிறது: கிழக்கே அரசுக் கருவூலம்; மேற்கே யாகு கோயில், நடுவில் ராஜவீதி.