கல்லான கற்பூர மரம்

என் மேசை மேல கட்டை விரல் நீளத்துக்கு ஒரு கல் கிடக்கு. பார்த்தா விறகுச் சிராய் மாதிரியே இருக்கும். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூட டூர்ல திருவக்கரை போனப்போ டவுசர் பாக்கெட்ல போட்டுட்டு வந்தது. திருட்டுதான். அதைக் கடைசியில சொல்றேன்.

விழுப்புரம் மாவட்டத்துல இருக்கிற இந்த ஊருக்கு வக்ரகாளியம்மன் கோயிலுக்காகப் போறவங்கதான் அதிகம். பக்கத்துலயே கல்மரப் பூங்கா. பெருமாள் வதம் செஞ்ச வக்ராசுரனோட எலும்புன்னு ஊர்ல சொல்வாங்க. பார்த்தா நம்பத்தான் தோணும்! 1781-ல் சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் குறிச்சு வச்சார். சுமார் 2 கோடி வருஷப் பழசு. எதுலயும் வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை இல்லை. அதாவது அங்கேயே நின்ன மரங்கள் இல்லை. வெள்ளத்துல அடிச்சுட்டு வந்து மணல்ல புதைஞ்சவை. தண்ணியில கரைஞ்ச சிலிக்கா உள்ளே ஊறி, செல் செல்லா கல்லாக்கிடுச்சு.

சுவாரசியமே இனிமேதான். இந்தக் கல்லைக் கண்ணாடி மாதிரி மெல்லிசா தேய்ச்சு மைக்ரோஸ்கோப்ல பார்த்தா, தண்ணி ஏறின குழாய்கள், பிசின் நாளங்கள் எல்லாம் அப்படியே தெரியும். இப்போ இருக்கிற மரங்களோட ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிச்சுடலாம். (நாம பண்ற டீபக்கிங்தான், லாக் ஃபைல் மட்டும் கல்லுல இருக்கு :-))

இந்த மணற்பாறை புதுச்சேரிப் பக்கமும் இருக்கு. கடலூர் மணற்கல்னு பேர். அதுல கிடைச்ச கல்மரங்கள்ல ஒண்ணு ட்ரையோபாலனாப்ஸ் வகை. பச்சைக் கற்பூரம் தர்ற மரத்தோட இனம். இன்னிக்கு அது சுமத்ரா, மலாய், போர்னியோ மழைக்காடுகள்ல மட்டும்தான் வளருது. வருஷம் பூரா ஈரம் கேட்கிற மரம். ஆறு எங்கே பிடுங்கியிருந்தாலும் இந்தத் தீபகற்பத்துக்குள்ளதானே பிடுங்கியிருக்கும்? அப்போ இங்கே எப்படி மழை பெஞ்சிருக்கணும்! பிறகு நிலம் வறண்டு, அந்த இனம் இந்தியாவுலயே இல்லாமப் போச்சு. தூரத்துச் சொந்தங்கள் சில மேற்குத் தொடர்ச்சி மலையில தப்பிச்சு நிக்குது.

சுமத்ராவுல பாருஸ்னு ஒரு துறைமுகம், கற்பூரத்துக்குப் பேர் போனது. அங்கே 1088-ல் ஐந்நூற்றுவர் வணிகக் குழு வெட்டின தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு. நம்ம மண்ணுல செத்துப்போன மரத்தோட பங்காளி நிக்கிற ஊருக்கு, அது தெரியாமலே கப்பலேறிப் போயிருக்காங்க.

இப்போ என் கல்லுக்கு வர்றேன். எந்த மரத்துல உடைஞ்சது, எந்தப் பாறையில கிடந்ததுன்னு ஞாபகமே இல்லை. இடம் தெரியாத துண்டை வச்சு எந்தக் காடு எங்கே இருந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. போன தடவை திருப்பிப் போட்டுடலாம்னு எடுத்துட்டுப் போனேன். எங்கே போடறதுன்னு தெரியாம மறுபடியும் கொண்டு வந்துட்டேன்.