ரூட் முதல் பிளெட்ஜ் வரை: யூனிக்ஸ் மரபில் நிரல்களின் அதிகாரக் குறைப்பு

ஒரு நிரல் தன் வேலைக்குத் தேவையான அதிகாரத்துக்கு மேல் எதையும் வைத்திருக்கக் கூடாது என்ற நெறியை 1975இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் தங்கள் கட்டுரையில் தெளிவாக வகுத்தனர். அவர்கள் பழகிய மல்டிக்ஸ் இயங்குதளம் வன்பொருளிலேயே அடுக்கடுக்காக அதிகார வளையங்களை அமைத்திருந்தது. அதே காலத்தில் வளர்ந்த யூனிக்ஸின் கெர்னலோ பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது: பயனர் எண் 0, அதாவது ரூட்தானா? ஆம் என்றால் எல்லாமே அனுமதி. அந்த எளிமையே யூனிக்ஸைப் பரப்பியது. அதன் விலையைத்தான் பின்வந்தவர்கள் செலுத்தினார்கள்.

சாதாரணப் பயனருக்கும் சில நேரம் ரூட்டின் வலிமை தேவைப்பட்டது. அதற்கு டென்னிஸ் ரிச்சி கண்ட வழி செட்யூஐடி பிட். யார் இயக்கினாலும் நிரல் தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய, இன்னொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் இதற்கு நல்ல சான்று. அதற்குத் தேவைப்பட்டது, பிணையப் பொட்டலங்களைத் தானே நேரடியாக அமைத்து அனுப்ப உதவும் ஒரு ரா சாக்கெட் மட்டுமே. கிடைத்ததோ கணினி முழுவதன் மீதான ஆட்சி. இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சிகளே அடுத்த முப்பது ஆண்டுகளின் வரலாறு.

முதல் தீர்வு, ரூட்டைத் துண்டுகளாக்குவது. நிறைவேறாமல் கைவிடப்பட்ட ஒரு போசிக்ஸ் வரைவைத் தழுவி, 1999இல் வந்த லினக்ஸ் 2.2 கேப்பபிலிட்டிகள் என்ற அதிகாரத் துண்டுகளைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே ஓர் ஓட்டை தெரிந்தது. உள்ளூர்ப் பயனர் ஒருவர், பயனர் எண்ணை மாற்றும் துண்டை மட்டும் பறித்துவிட்டு, அஞ்சல் நிரலான சென்ட்மெயிலை இயக்க முடிந்தது. சென்ட்மெயில் தன் அதிகாரத்தைத் துறந்துவிட்டதாக நம்பி ரூட்டாகவே தொடர்ந்து ஓடியது. அதிகாரத்தைக் குறைத்ததே ஆபத்தாக முடிந்தது. துண்டாக்கமும் முழுப் பயன் தரவில்லை. எங்கும் பொருந்தாத அனுமதிகளையெல்லாம் சிஸ்-அட்மின் என்ற ஒரே கேப்பபிலிட்டியில் குவித்ததால், அதுவே இன்னொரு ரூட் ஆனது.

இரண்டாவது வழி, நிரலுக்கு வெளியே நின்று காவல் காப்பது. 2002இல் நீல்ஸ் புரோவோஸ் உருவாக்கிய சிஸ்ட்ரேஸ், ஒவ்வொரு நிரலும் கெர்னலிடம் எந்தெந்த சிஸ்டம் காலை (கெர்னலுக்கான அழைப்பை) செய்யலாம் என்று தனிக் கொள்கைக் கோப்பில் எழுதச் சொன்னது. 2007இல் ராபர்ட் வாட்சன் இவ்வகைக் காவலின் அடிப்படைக் குறையை நிறுவினார்: காவலன் சரிபார்க்கும் நொடிக்கும் கெர்னல் செயல்படுத்தும் நொடிக்கும் இடையே, நினைவகத்தில் உள்ள கோப்புப் பெயரை வேறொரு புராசஸ் மாற்றிவிடலாம். அதைவிடப் பெரிய குறை வேறு என்பது என் கருத்து. ஒரு நிரலுக்கு எது தேவை என்பதை அதை எழுதியவரே நன்கு அறிவார். கொள்கைக் கோப்பை எழுதியவரோ பெரும்பாலும் வேறொருவர்.

மூன்றாவது வழி, நிரல் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்வது. லினக்ஸில் 2005இல் ஆண்ட்ரியா ஆர்க்காஞ்செலி சேர்த்த செக்காம்ப், படித்தல், எழுதுதல், வெளியேறுதல், சிக்னலிலிருந்து மீளுதல் என்ற நான்கை மட்டுமே அனுமதித்தது. 2012இல் வில் டிரூரியின் பணியால் அது வடிகட்டி நிரல்களாக விரிந்தது. ஆனால் வடிகட்டி சிஸ்டம் கால் எண்களைப் பார்க்கிறது. நிரலாளர் அழைப்பதோ சி நூலகத்தை. நூலகம் உள்ளுக்குள் வேறொரு காலுக்கு மாறினால், நேற்று வரை ஓடிய வடிகட்டி இன்று நிரலைக் கொன்றுவிடும்.

யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டி இந்த இடத்தில்தான் வேறு பாதை எடுத்தது. அதன் நிறுவனர் தியோ டி ராட் 2015இல் டேம் என்று தொடங்கி, 2016 மார்ச்சில் 5.9 வெளியீட்டில் பிளெட்ஜ் ஆகத் தந்த சிஸ்டம் கால், எண்களைக் கேட்பதில்லை; பணிகளின் பெயர்களைக் கேட்கிறது. கோப்பு படிப்பேன், இணையத்தோடு பேசுவேன் என்று நிரலே தன் வாயால் வாக்குக் கொடுக்கிறது. பின்னர் வாக்கைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. மீறினால் கெர்னல் அங்கேயே கொல்லும். கெர்னலும் சி நூலகமும் ஒரே குழுவின் கையில் ஒரே மூலக்குறியீட்டில் வளர்வதால், உள்ளே எது மாறினாலும் வாக்கின் பொருள் மாறாமல் காக்க முடிகிறது. பல நிரல்கள் தொடக்கத்தில் மட்டுமே பெரிய அதிகாரத்தைக் கேட்கின்றன என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். ஓப்பன்பிஎஸ்டியின் பிங், ரா சாக்கெட்டை முதலிலேயே திறந்து, ரூட்டை விட்டு, அதன் பின் வாக்குக் கொடுக்கிறது. முதல் வெளியீட்டிலேயே அடிப்படை அமைப்பின் 707 நிரல்களில் 453 பிளெட்ஜுக்கு மாறின. ஒரு பாதுகாப்பு வசதி இவ்வளவு விரைவாக வேரூன்றியதற்கு அதன் எளிமையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 2018இல் வந்த அன்வெய்ல், கோப்புப் பாதைகளுக்கும் இதையே செய்தது.

லினக்ஸும் இப்பாதைக்கு வருகிறது. 2021இல் 5.13 கெர்னலில் சேர்ந்த லேண்ட்லாக், ரூட் அதிகாரமில்லாத நிரலும் தன் கோப்பு அணுகலைத் தானே குறுக்கிக்கொள்ள வழிசெய்தது. சேவையக நிரல் எழுதுவோர், வெளியிலிருந்து வரும் முதல் பைட்டை வாசிக்கும் முன் பிளெட்ஜ், லேண்ட்லாக் போன்ற அழைப்புகளில் ஒன்றைத் தங்கள் நிரலில் சேர்த்துவிட வேண்டும்.