சட்டாம்பிள்ளையும் தொடுதிரையும்

வகுப்பறைக்குள் ஒரு புதிய கருவி நுழையும்போது முதலில் மாணவராக வேண்டியவர் ஆசிரியரே. தொடுதிரைப் பலகையும் கைக்கணினியும் பள்ளிகளுக்கு வந்துவிட்ட இந்நாளில் இது புதிதாக முளைத்த சிக்கல் போலத் தோன்றலாம். ஆனால் நம் கல்வி வரலாற்றில் இக்கேள்வி முன்பே எழுந்திருக்கிறது. அதற்கு ஒரு விடையும் இருந்திருக்கிறது.

அச்சுநூல் பரவுமுன் நாஞ்சில் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மணலும் பனையோலையும் எழுத்தாணியுமே கருவிகள். பிள்ளை எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதும். கை பழகியபின் ஓலைக்கு மாறும். ஓலையைப் பதப்படுத்துவதும், நறுக்கித் துளையிடுவதும், கீறிய எழுத்தில் கரியும் இலைச்சாறும் தடவித் தெளிவாக்குவதும் ஆசானின் தொழிலறிவில் அடங்கியவை. இவ்வறிவு பயிற்சிக் கூடத்தில் கிடைத்ததன்று. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரின் விரல்பிடித்து எழுதப் பழக்குவான். கற்பிக்கக் கற்பதும் அதே திண்ணையில்தான் நிகழ்ந்தது.

இம்முறையின் ஆற்றலை ஐரோப்பியர் ஒருவர் கண்டுகொண்டது சென்னையில். 1789இல் எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், அருகிலிருந்த 'மலபார்' பள்ளியில் குழந்தைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபார் என்றே அழைத்தனர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். தம் இல்லத்திலும் அவ்வாறே கற்பிக்குமாறு உதவி ஆசிரியரிடம் அவர் சொன்னார். இயலாது என்று அவர் கைவிரிக்கவே, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் பெல் அப்பணியை ஒப்படைத்தார். சிறுவன் செய்து காட்டினான். 1797இல் பெல் இதை நூலாக்கினார். பின்னர் 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்திலும் அது பரவியது. மணல் எல்லார்க்கும் பொதுவாகக் கிடைப்பதுதான். ஆசிரியர் மறுத்தால் அது வெறும் மணல். ஏற்றுக்கொண்டவன் கையில் அதுவே கல்விக்கருவி.

நாகர்கோவிலில் அடுத்த மாற்றம் அச்சு வடிவில் வந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1819இல் இங்கு செமினரியை நிறுவினார். அச்சகமும் விரைவில் அமைந்தது. நூலை அச்சிடும் இடமும், ஊர்ப்பள்ளிகளுக்கு ஆசிரியரை உருவாக்கும் இடமும் ஒரே ஊரில் அமைந்தமை தற்செயலன்று எனலாம். ஓலையில் ஆசான் அவரவர் தரத்திற்கேற்பப் பாடம் எழுதித் தந்தார். அச்சுநூலோ அனைவருக்கும் ஒரே பக்கத்தை நீட்டியது. அந்தப் பக்கத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியதாக்கும் பொறுப்பு ஆசிரியர் மேல் விழுந்தது.

இன்றும் அதே பொறுப்புதான். 2018இல் தமிழகப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2024இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர் கைகளுக்குக் கைக்கணினி வந்தது. கருவிகள் வந்த வேகத்தில் பயிற்சியின் இயல்பு மாறியதா என்பதே கேள்வி. நூறு பேரை மண்டபத்தில் அமர்த்தித் திரையில் படங்காட்டி விளக்குவது செய்தியறிவிப்பாகுமே தவிரப் பயிற்சியாகாது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை எவரும் ஒரு மணி நேரத்தில் கற்கலாம். எந்த இடத்தில் திரையை அணைத்துவிட்டுப் பிள்ளையைப் பேசவிடுவது என்பதை, பிள்ளைகள் முன்னிலையில் மற்றோர் ஆசிரியரின் துணையோடுதான் கற்க முடியும்.

கவிமணி பிறந்த தேரூரில்தான் நம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. குழந்தைகளுக்காகப் பாடிய கவிமணியும் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். ஒரு பள்ளியில் கருவியை நன்கு கையாளும் ஆசிரியரின் வகுப்பில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் சில நாள் அமர்ந்து கற்க வழி செய்தால், அதுவே பயன்தரும் பயிற்சியாகும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சட்டாம்பிள்ளை என்ற பழஞ்சொல்லின் பொருளை மீண்டும் நினைத்துப் பார்த்தாலே போதும்.