சர்க்காரும் சர்தேசாயும்: ஓர் ஆய்வுறவின் வரலாறு

ஆய்வு மாணவர்களுக்கு இன்று ஓயாமல் சொல்லப்படும் அறிவுரை, 'தொடர்புகளை வளர்த்துக்கொள்ளுங்கள்' என்பது. நடைமுறையில் அது கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் ஒரு பேராசிரியரிடம் பெயரைச் சொல்லி வைப்பதாகவும், பரிந்துரைக் கடிதத்துக்கு ஆள் தேடுவதாகவும் சுருங்கிவிட்டது. அறிமுகம் எப்போது உறவாகிறது, அவ்வுறவு எப்போது அறிவுக்கு உதவுகிறது, எப்போது பிறருக்குத் தடையாகிறது என்று நாம் கேட்பதில்லை. இவ்வினாக்களை எழுப்பிப் பார்க்க, நவீன இந்திய வரலாற்றியலின் தொடக்க காலத்தில் இருவரிடையே நிலவிய உறவு பெரிதும் உதவும்.

வங்காளத்தைச் சேர்ந்த ஜதுநாத் சர்க்கார் (1870–1958) ஔரங்கசீப் காலத்தை ஆராய்ந்தவர். பாட்னாவிலும் கட்டாக்கிலும் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். கோவிந்த் சகாராம் சர்தேசாய் (1865–1959) பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட்டிடம் பணியாற்றியவர். மராத்தியில் 'ரியாசத்' என்னும் வரலாற்று நூல்வரிசையை எழுதியவர். சர்தேசாய் எந்தக் கல்லூரியிலும் வரலாற்றுப் பேராசிரியராக இருந்ததில்லை. இருவரிடையே 1904ஆம் ஆண்டளவில் தொடங்கிய தொடர்பு, சர்க்காரின் மறைவு வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது.

இவர்களை இணைத்தது ஒரு தேவை. ஔரங்கசீப்பின் இறுதிக் காலம் தக்காணப் போர்களில் கழிந்தது. பாரசீக ஆவணங்களை மட்டும் கொண்டு அதனை எழுத இயலாது. மராத்திய மூலங்களும் வேண்டும். மராத்தியரின் வரலாற்றை எழுதுபவருக்கோ, முகலாயர் தரப்பு என்ன பதிவு செய்தது என்று அறியப் பாரசீக மூலங்கள் வேண்டும். சர்க்கார் பாரசீகம் வல்லவர். சர்தேசாய் மராத்தி மூலங்களில் தோய்ந்தவர். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. ஆகவே அவர்களுடைய கடிதங்களில் நலவிசாரிப்புகளோடு தேதிகள், ஊர்ப்பெயர்கள், சுவடிப் படிகள், நூல் வாங்குதல், அச்சுப் பிழைகள் ஆகியவையும் நிறைந்திருந்தன. பின்னாளில் இருவரும் பழைய போர்க்களங்களையும் கோட்டைகளையும் சேர்ந்தே சென்று பார்த்தனர்.

அவர்கள் எல்லாவற்றிலும் ஒத்த கருத்துடையவர்களாக இருக்கவில்லை. வட இந்தியாவில் மராத்தியர் செலுத்திய ஆதிக்கத்தைச் சர்க்கார் கடுமையாக மதிப்பிட்டார். சர்தேசாயின் பார்வையில் மராத்தியர் எழுச்சிக்கு உயரிய நோக்கம் ஒன்று இருந்தது. இந்த வேறுபாடு உறவை முறிக்கவில்லை. தனி வாழ்விலும் இருவரும் புத்திர சோகத்தை அறிந்தவர்கள். சர்க்காரின் மகன் கல்கத்தா கலவரத்தில் கொல்லப்பட்டார். பணியின் பொருட்டுத் தொடங்கிய தொடர்பு இத்தகைய துயரங்களையும் தாங்கி நின்றது.

இவ்வுறவின் பெருவிளைவு புனேயில் இருந்த பேஷ்வா ஆவணக்காப்பகத்தில் நிகழ்ந்தது. 'பேஷ்வா தப்தர்' எனப்படும் அக்காப்பகத்தில் மோடி எழுத்தில் அமைந்த ஆவணங்கள் துணிக்கட்டுகளாக ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஆய்வாளர்கள் எளிதில் நுழைய முடியாத இடமாக அது இருந்தது. சர்க்கார் அப்போது செல்வாக்கின் உச்சியில் இருந்தார். 1919இல் அமைக்கப்பட்ட இந்திய வரலாற்று ஆவண ஆணையத்தின் உறுப்பினர் அவர்; 1926 முதல் 1928 வரை கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். பரோடா பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சர்தேசாயிடம் பம்பாய் அரசு அக்காப்பக ஆவணங்களைத் தேர்ந்து பதிப்பிக்கும் பொறுப்பை ஒப்படைத்ததில் சர்க்காரின் முயற்சிக்குப் பெரும்பங்கு உண்டு. 1930க்கும் 1934க்கும் இடையில் 45 தொகுதிகள் வெளிவந்தன. தொடர்ந்து, புனேயில் இருந்த ஆங்கிலேயத் தூதர்களின் கடிதங்களையும் இருவரும் இணைந்து பதிப்பிக்கத் தொடங்கினர். 1936இல் அவ்வரிசையின் முதல் தொகுதியைச் சர்க்காரும் இரண்டாம் தொகுதியைச் சர்தேசாயும் பதிப்பித்தனர்.

இத்துடன் நிறுத்தினால் இது நட்பின் புகழ்ச்சியாக முடிந்துவிடும். புனேயின் அறிஞர்களுக்கு இந்நியமனம் உடன்பாடாக இல்லை. வி. கா. ராஜ்வாடே 1910இல் தொடங்கிய பாரத இதிகாச சம்சோதக மண்டலத்தைச் சார்ந்தோர் ஊர் ஊராக அலைந்து ஆவணங்களைத் திரட்டியவர்கள். மோடி எழுத்தில் பயிற்சி மிக்கவர்கள். தங்கள் நகரத்தில் உள்ள காப்பகத்தின் கதவு தங்களுக்கு மூடியிருக்க, வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு மட்டும் திறந்ததை அவர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. அவர்களுடைய ஆய்வுமுறையில் சர்க்காருக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய முடிவுகளில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. அண்மைக் காலத்தில் திபேஷ் சக்கரவர்த்தி இப்பூசலை விரிவாக ஆராய்ந்துள்ளார். இருவருக்குத் திறந்த கதவு பலருக்கு மூடிய கதவாக இருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது.

அப்படியாயின், உண்மையான ஆய்வுறவுக்கும் வெறும் சலுகைக்கும் வேறுபாடு எது? இருவருக்குள் நிகழ்ந்த பரிமாற்றம் மூன்றாமவருக்குப் பயன்பட்டதா என்பதே என் அளவுகோல். அவ்வளவில் இவர்கள் பாதி தேறினர் என்பேன். புனே அறிஞர்களை உள்ளே அழைக்கத் தவறினர். ஆனால் பதிப்பித்த தொகுதிகள் பொதுச் சொத்தாயின. அவர்களை மறுத்து எழுதியோரும் அவற்றைக் கொண்டே எழுத முடிந்தது. மால்வாவின் சீதாமௌ சமஸ்தானத்து இளவரசர் ரகுவீர் சிங், சர்க்காரின் வழிகாட்டலில் ஆய்வு செய்து, பின்னர் மேற்சொன்ன வரிசையிலேயே பதிப்பாசிரியராகவும் பணியாற்றினார். சீதாமௌவில் அவர் திரட்டிய சுவடிகளும் படிகளும் பிற்கால ஆய்வாளர் பலருக்கு உதவின. அவர் இளவரசர் என்பதையும் மறக்கலாகாது. எளிய குடும்பத்து மாணவருக்கு இந்த வட்டத்தின் வாயில் இவ்வளவு எளிதில் திறந்திருக்குமா என்ற ஐயம் நியாயமானதே.

இன்று ஆய்வுக்கு வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அறிமுகம் செய்துவைக்க எவருமில்லை. அவரிடம் 'தொடர்புகளை வளர்த்துக்கொள்' என்று மட்டும் சொல்வது பொறுப்பை அவர் தோளிலேயே ஏற்றுவதாகும். மாணவர்கள் சர்க்காரிடமும் சர்தேசாயிடமும் கற்க வேண்டியது, கேட்பதற்கு முன் கொடுக்க எதையேனும் ஆயத்தம் செய்துகொள்வது: ஒரு படி, ஒரு மொழிபெயர்ப்பு, கவனமாகப் படித்துச் சுட்டிய ஒரு பிழை. பேராசிரியர்கள் கற்க வேண்டியது அவர்கள் தவறிய இடத்தில் உள்ளது. காப்பகத்தின் திறவுகோல் கையில் இருக்கும்போது, நமக்கு உடன்படாதவரையும் உள்ளே அழைக்கிறோமா?

தத்தம் துறையில் இத்தகைய உறவுகளை அறிந்தோர் கருத்துப் பகுதியில் பகிர்ந்தால் பயனுடையதாக இருக்கும்.