வரப்பில் ஓடும் நண்டு

மரக்காணத்துக் கடற்கரையின் பழைய வரலாறு ஒரு விருந்துப் பட்டியலில் தொடங்குகிறது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பரிசில் வாங்கப் போகும் பாணனுக்கு வழிநெடுக என்னென்ன சோறு கிடைக்கும் என்று சொல்லப்படுகிறது. கடலோரத்து எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட மீனும் தருவார்கள். வேலூரில் எயினர் புளிச்சோற்றோடு ஆமான் இறைச்சி தருவார்கள். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கறியும் கிடைக்கும். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம், வேலூர் அதற்கு அருகிலுள்ள உப்புவேலூர், நல்லியக்கோடனின் கிடங்கில் இப்போது திண்டிவனம் நகருக்குள் அடங்கிப்போன பகுதி என்று ஆய்வாளர் பலரும் கொள்கிறார்கள். உப்புக் கரையிலிருந்து நெல்வயல் வரை, விருந்தாளி வந்தால் இலையில் மீனோ இறைச்சியோ நண்டோ இருந்தாக வேண்டிய நாடு இது. இதே ஓய்மாநாட்டிலும் அதையொட்டிய செஞ்சிச் சீமையிலும், பெருமண்டூர், வீரணாமூர், விழுக்கம், ஆலகிராமம், தாயனூர், மேல்சித்தாமூர் போன்ற ஊர்களில், நூற்றாண்டுகளாக வாழ்ந்து வரும் உழவர் குடிகள் உண்டு. புலால் தொடுவதில்லை, பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை, தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பதில்லை என்பவை அவர்கள் வீட்டு நியமங்கள். நயினார் என்று பட்டம் வைத்துக்கொள்ளும் தமிழ்ச் சமணர் அவர்கள். ஆமூர் உழவரின் இலைக்கும் இவர்களுடைய இலைக்கும் இடையே நடந்தது என்ன என்பதே இங்கே கேள்வி.

இதற்கு நம்மிடம் இரண்டு ஆயத்த விடைகள் இருக்கின்றன. சமணம் வணிகரின் மதம், வணிகரோடு வந்தது, அவர்கள் செல்வாக்கு இறங்கியதும் போய்விட்டது என்பது ஒன்று. நாவுக்கரசரும் சம்பந்தரும் வந்தபின் சமணம் தமிழ்நாட்டில் வேரோடு அழிந்தது என்பது மற்றொன்று. இரண்டுமே இந்தக் கிராமங்களைப் பார்க்காமல் சொல்லப்படுபவை. மதத்தை நூலிலும் அரசவை வாதத்திலும் தேடினால் இந்த விடைகள்தான் கிடைக்கும். அடுப்படியிலும் கிணற்றடியிலும் வயலிலும் தேடினால் வேறொன்று தெரிகிறது. துறவியருக்காக வகுக்கப்பட்ட ஒரு நெறி, இந்த நாட்டில் குடியானவர் வீட்டுப் பழக்கமாக இறங்கியது, அதனால் பிழைத்தது. அப்படி இறங்கியபோது, அது தமிழ் உழவு வாழ்க்கையின் உருவத்தையும் தான் எடுத்துக்கொண்டது. மக்கள்தொகைக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் காண முடியாது. 2011 கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 89,265 சமணர் என்கிறது. சௌகார்பேட்டையில் கடை வைத்திருக்கும் மார்வாரிக் குடும்பமும் விழுக்கத்தில் நெல் நடும் குடும்பமும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன.

தொடக்கம் துறவியருடையதுதான், அதில் மறுப்பில்லை. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் பெரும்பாறை ஒன்றின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அங்கேயுள்ள கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்த இடம் அது என்று அறிவிக்கிறது. மற்றொன்று இளையபடாரர் 30 நாள் நோற்றதைச் சொல்கிறது. தெற்கே கடலூர்ப் பக்கத்தில், திருப்பாதிரிப்புலியூர் என்று இன்று நாம் அழைக்கும் பாடலியில், உலகின் அமைப்பைக் கூறும் லோகவிபாகம் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், எழுதி முடிக்கப்பட்டது. நாவுக்கரசர் தருமசேனராகச் சமணப் பள்ளியில் இருந்ததாகப் பெரியபுராணம் சொல்வதும் இந்த ஊரில்தான். ஆக, இந்தக் கரையில் சமணம் கற்றவர்களும் நோற்றவர்களும் நிறைந்த மதமாக இருந்தது. ஆனால் 57 நாள் நோற்கும் துறவிக்கு, அதற்கு முன் பல ஆண்டுகள் கஞ்சி வார்த்த வீடு ஒன்று வேண்டுமல்லவா? அந்த வீட்டைப் பற்றிக் கல்வெட்டுகள் சுருக்கமாகவே பேசுகின்றன. மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையில், சமணத் துறவியருக்குச் செய்த கொடையில் பங்கேற்றோரின் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் வரிசையாக இருக்கின்றன. கொழு விற்பவர், துணி விற்பவர், வெல்லப்பாகு விற்பவர், அவர்களோடு ஓர் உப்பு வணிகர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஏதோ ஓர் அளத்திலிருந்து வண்டி கட்டி உள்நாட்டுக்குப் போன உப்பின் இலாபத்தில் ஒரு துளி, கல்லில் வெட்டிய படுக்கையாக ஆகியிருக்கிறது.

உப்பு இங்கே வெறும் சரக்காக நிற்கவில்லை. சமண நூல்களின் உயிர்ப்பகுப்பில் மண்ணையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு. உப்பும் அந்த வகையில் எண்ணப்படுகிறது. திகம்பர மரபில் சுவை துறக்கும் நோன்புக்கு ஆறு பொருள்கள் சொல்வார்கள்: பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு. நோன்பாளி இவற்றில் ஒன்றையோ பலவற்றையோ விடுகிறார். மரக்காணத்தில் மழைக்காலம் ஓய்ந்ததும் பாத்தி திருத்துகிறார்கள். கழிநீரை வாய்க்கால் வழியே ஏற்றி, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் இறுகவிட்டு, பூத்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். கோடையில் ஒரு மழை பெய்தால் குவியலின் விளிம்பெல்லாம் கரைந்து மறுபடி பாத்திக்கே ஓடுகிறது. அந்த வேலையைச் செய்கிறவர்கள் சமணர் அல்லர். சமண ஊர்கள் இருப்பது உள்நாட்டில். ஆனாலும் இந்த வெள்ளைக் குவியல்களுக்கு இவ்வளவு பக்கத்தில், கைக்கெட்டும் விலையில் உப்பு கிடைக்கும் சீமையில், ஒரு நாளைக்கு உப்பில்லாமல் சோறு உண்பது என்பது கிடைக்காததை விடுவதாகாது. நோன்பு தன் பொருளை ஊரிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

இனி உழவுக்கு வருவோம். கடினமான தடையும் இங்கேதான் எழுகிறது. ஏர் மண்ணைக் கிழிக்கிறது, புழுவும் பூச்சியும் சாகின்றன. கொல்லாமையைத் தலையாய அறமாக வைத்த மதத்தார் எப்படி உழவராக இருக்க முடியும், இவர்கள் நெறி பிறழ்ந்தவர்கள் ஆகமாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. மண்ணைப் பிளந்து பிழைப்பதை இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய தொழில்களில் ஒன்றாக வைத்த நூல்களும் சமணத்தில் உண்டு என்பதால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் இயற்றிய ஆதிபுராணத்தில், முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் மக்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆறு தொழில்களில் வாளும் எழுத்தும் வாணிகமும் கல்வியும் சிற்பமும் இருப்பதைப் போலவே உழவும் இருக்கிறது. அந்தப் புராண மரபை மணிப்பிரவாள நடையில் தரும் ஸ்ரீபுராணம் தமிழ்ச் சமணர் வீடுகளில் படிக்கப்பட்டு வந்த நூல். வேண்டுமென்று செய்யும் கொலை வேறு, வீட்டுவேலையிலும் தொழிலிலும் தவிர்க்க முடியாமல் நேரும் கேடு வேறு என்று திகம்பர ஆசிரியர்கள் பிரித்தும் காட்டினார்கள். முன்னது இல்லறத்தாருக்கு அறவே கூடாது. பின்னதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆகவே மதத்துக்குள் இரண்டு வழிகள் திறந்திருந்தன. குஜராத்தில் பலர் கடைத்தெருவின் வழியே போனார்கள். ஏரிப் பாசனமும் நெல்லும் உள்ள ஓய்மாநாட்டில் மற்ற வழி எடுக்கப்பட்டது. எந்த வழி என்பதை மண் தீர்மானித்தது, அந்த வழியில் எப்படி நடப்பது என்பதை மதம் தீர்மானித்தது என்றே நான் கொள்கிறேன்.

நடப்பது என்று நான் உவமையாகச் சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் அழைத்துக்கொண்டு மதுரைக்குப் புறப்படும் கவுந்தியடிகள், சமணத் துறவி. புறப்படும்போது வழியின் இடர்களை அவர் எண்ணிப் பார்க்கிறார். நீர் மோதும் வரப்பில் நடந்தால் நண்டும் நத்தையும் காலடியில் பட்டு நோகும், அந்தத் துன்பம் நம்மால் தாங்க முடியாதது என்பது அவர் சொல்லும் எச்சரிக்கைகளில் ஒன்று. ஆமூர் உழவர் வீட்டில் கறியாகிப் பாணனுக்குப் பரிமாறப்பட்ட அதே வயல் நண்டு, இங்கே காலை எடுத்து வைக்கும் முன் குனிந்து பார்க்க வேண்டிய உயிராகிவிடுகிறது. வயல் மாறவில்லை, வரப்பும் மாறவில்லை. வடக்கே பிறந்த ஓர் அறம், தன் எடுத்துக்காட்டைத் தமிழ் மருத நிலத்திலிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்ததும் அந்த நிலத்தைப் பார்க்கும் பார்வை மாறியது. சமயமும் பண்பாடும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்று பொதுவாகச் சொல்வதைவிட, இந்த நண்டைக் காட்டுவது எனக்கு நிறைவாக இருக்கிறது.

தமிழ்ச் சமணத்தை ஆராய்கிறவர்களில் சிலர் வேறொரு குறை சொல்வார்கள். கோபுரம், தேர்த் திருவிழா, பொங்கல், எல்லாவற்றுக்கும் மேலாக இயக்கியர் என்னும் பெண்தெய்வங்களின் வழிபாடு, இவையெல்லாம் பக்கத்து வீட்டுச் சைவ வைணவத்திலிருந்து ஒட்டிக்கொண்டவை, இது கலப்படச் சமணம் என்பது அந்தக் குறை. தூய சமணம் என்று ஒன்று வேறெங்கோ கெடாமல் இருக்கிறது என்னும் நினைப்பு இதற்கு அடியில் இருக்கிறது. வந்தவாசிப் பக்கத்துப் பொன்னூரின் இயக்கி ஜ்வாலாமாலினியைப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது. கர்நாடகத்தில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற இந்தத் தெய்வத்தின் வழிபாட்டு நூலான ஜ்வாலாமாலினி கல்பத்தை, சக ஆண்டு 861இல், அதாவது கி.பி. 939இல், இராட்டிரகூடர் தலைநகரான மானியகேடத்தில் இந்திரநந்தி எழுதினார். அந்த வழிபாட்டைத் தொடங்கியவர் தென்னாட்டு ஹேமகிராமத்து ஹேலாசாரியர் என்று அந்நூலே சொல்கிறது. ஹேமகிராமம் பொன்னூர்தான் என்று அறிஞர் கொள்கிறார்கள். அப்படியானால் பெண்தெய்வத்தை வணங்கும் இந்தச் சீமையின் மனப்போக்கு சமணத்தை இங்கே மட்டும் மாற்றவில்லை. இங்கிருந்து புறப்பட்டுப் பேரரசின் தலைநகர் வரை போய்ச் சமணத்துக்குள் ஒரு வழிபாட்டையே சேர்த்திருக்கிறது. கொடுத்தவர்களைக் கடன் வாங்கியவர்கள் என்று சொல்வது முறையன்று.

மறுதிசையிலும் ஒரு சான்று உண்டு. மதத்தின் பெயரை விட்டவர்களிடமும் மதம் எவ்வளவு தங்கும் என்பதை அது காட்டுகிறது. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் குறிப்பேடு, செஞ்சிச் சமணரிடையே வழங்கிய ஒரு கதையைப் பதிவு செய்திருக்கிறது. 1478 அளவில் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி பிராமணரிடம் பெண் கேட்டான். சமணர் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்றார்கள் அவர்கள். சமணர் ஒப்புக்கொண்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். மணநாளில் மாப்பிள்ளை வந்தபோது வீடு வெறிச்சோடிக் கிடந்தது, திண்ணைத் தூணில் ஒரு பெட்டை நாய் கட்டியிருந்தது. சமணர் தலைகளை வெட்ட ஆணை பிறந்தது. சிலர் மாண்டார்கள், சிலர் ஊரை விட்டு ஓடினார்கள், பலர் பூணூலைக் கழற்றி நெற்றியில் திருநீறு பூசிச் சைவரானார்கள். பிறகு திண்டிவனத்துக்கு அருகே வேலூரில், வீரசேனாசாரியர் என்பவர் கிணற்றில் சமணச் சடங்கு செய்துகொண்டிருந்தபோது பிடிபட்டார். மன்னனுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்ததால் விடுவிக்கப்பட்டு, சிரவணபெளகொளா போய்த் துறவியானார். தாயனூர் காங்கேய உடையார் அவரை அழைத்து வந்து ஊர் ஊராகப் போய், நீறு பூசியவர்களை மறுபடி சமணத்துக்குத் திருப்பினார்.

இந்தக் கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி காலூன்றியது 16ஆம் நூற்றாண்டில், எனவே 1478 என்னும் ஆண்டு இடிக்கிறது. பெண் கேட்ட அரசனுக்கு நாயைக் கட்டிவைத்துப் போன கதை தமிழ்நாட்டில் வேறு சாதியாரிடமும் உண்டு. ஆனால் கதையின் வால் கதையன்று. நீறுபூசி வேளாளர் என்ற பெயர் அந்தக் குறிப்பேடு எழுதப்பட்ட காலத்திலும் வழக்கில் இருந்தது. வழிபாட்டை மாற்றிக்கொண்ட ஒரு கூட்டத்தாருக்கு, அவர்கள் மாறினார்கள் என்பதையே ஊர் பெயராக வைத்திருக்கிறது. நெற்றியை ஒரு நாளில் மாற்றலாம். எப்போது உண்பது, எதை உண்பது, எப்படித் தண்ணீர் எடுப்பது என்பவை பெண்கள் கையில் இருந்தவை, அரசாணைக்குச் சிக்காதவை. திரும்பி வா என்று ஒருவர் கூப்பிட்டதும் ஊர்கள் திரும்பியதாகக் கதை சொல்வது நம்பத்தக்கதாக இருப்பது அதனால்தான். திரும்பி வருவதற்கு அடுப்படி ஏற்கெனவே அங்கே இருந்தது.

கிணற்றடிப் பழக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். குடத்தின் வாயில் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, இறைத்த தண்ணீரை அதன் வழியே ஊற்றுகிறார்கள். அதோடு வேலை முடிவதில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர் சாகக் கூடாது என்பதற்காக, துணியைத் திருப்பி, வடிகட்டிய நீரையே அதன்மேல் விட்டு, எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தார்களோ அந்தக் கிணற்றுக்கே திருப்பி விட வேண்டும். தூய்மைக்காக வடிகட்டுகிறவர் துணியை உதறிவிட்டுப் போவார். இங்கே துணியில் இருப்பது அழுக்கு என்று எண்ணப்படுவதில்லை. இந்தப் பின்பாதியை எந்த நூலும் பார்க்காமல் ஒரு சிறுமி தன் பாட்டியிடமிருந்து கற்றுக்கொள்ள முடியும்.

காங்கேய உடையாரின் வழிவந்தோருக்கு விழா நாட்களில் முதல் வெற்றிலை பாக்குத் தரப்படுவதாகவும், மேல்சித்தாமூர் மடத்தின் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டென்றும் அதே 1906ஆம் ஆண்டுக் குறிப்பேடு எழுதுகிறது. முதல் வெற்றிலை என்பது சமண ஆகமத்தில் உள்ளதன்று, இந்த மண்ணின் மரியாதை. அந்த மடத்தின் தலைவர் காஞ்சியின் பெயரால் ஜினகாஞ்சி மடாதிபதி என்றே அழைக்கப்படுகிறார். மயிலாப்பூரில் இருந்த நேமிநாதர், கடல் கரையை அரிக்கத் தொடங்கியபோது இங்கே கொண்டுவரப்பட்டார் என்று இந்த ஊரார் சொல்கிறார்கள். கடலை விட்டு உள்நாட்டுக்கு வந்த அந்தத் தீர்த்தங்கரருக்கு, நெல் விளைவிக்கும் குடிகள் இன்றும் பூசை நடத்தி வருகிறார்கள்.