தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு: நடந்து வந்தவர்களின் பாதை

ஜேர்மனியில் வாழும் என் பள்ளித் தோழர் ஒருவர் சைக்கிள் பிரியர். காலையில் ஆகென் நகரத்திலிருந்து புறப்பட்டு, நெதர்லாந்தின் வால்ஸ் மேட்டில் ஏறி, பெல்ஜியத்தில் மதிய உணவு உண்டு, மாலையில் வீடு திரும்பியதாக ஒருமுறை எழுதியிருந்தார். மூன்று நாடுகளும் சந்திக்கும் எல்லைக்கல்லில் சைக்கிளைச் சாய்த்து எடுத்த படமும் வந்தது. “ஒரே நாளில் மூன்று மொழி கேட்டேன். நம் தீவில் இது முடியுமா?” என்பது அவருடைய கேள்வி.

ஒரு நாளில் முடியாது, நான்கு நாட்களில் முடியும் என்று பதில் எழுதினேன்.

தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து மாத்தளை நகரம் வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர். இந்தத் தூரத்துக்குள் தமிழ்க் கத்தோலிக்க மீனவர் ஊர்கள், முஸ்லிம் கிராமங்கள், வன்னி வயல்கள், நுவரகலாவியவின் சிங்களக் குளக்கிராமங்கள், பழைய கண்டிச் சீமையின் மலையடிவாரம் என்று மொழியும் வழிபாடும் மாறிக்கொண்டே வரும். ஒரு காலத்தில் இவை வெவ்வேறு ஆட்சிகளின் கீழும் இருந்தன. மன்னார் 1560இல் போர்த்துக்கேயரிடமும் 1658இல் ஒல்லாந்தரிடமும் போனது. மாத்தளையோ 1815 வரை கண்டி அரசனுடையது. கடவுச்சீட்டுக் கேட்காத குட்டி நாடுகள் என்று இவற்றைச் சொல்லலாம்.

2016 ஆகஸ்ட் மாதத்தில் நானும் மாத்தளையில் ஆசிரியராக இருக்கும் என் சிங்கள நண்பரும் இந்தப் பாதையில் சைக்கிளில் சென்றோம். உல்லாசத்துக்காக அன்று. என் பழைய பிழை ஒன்று என்னை அங்கே அனுப்பியது.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், 1990களின் தொடக்கத்தில், மலையக மக்களைப் பற்றி ஒரு ஞாயிறு கட்டுரை எழுதினேன். “பெருந்தோட்டங்களுக்காகக் கப்பல்களில் இறக்குமதி செய்யப்பட்ட தொழிலாளர்கள்” என்று அது தொடங்கியது. இரண்டு வாரம் கழித்து ஒரு முதியவர் அலுவலகத்துக்கு வந்தார். ஓய்வு பெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர், மாத்தளைப் பக்கம். கட்டுரையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். “தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. ஒன்னுதான் சொல்லணும். இறக்குமதி பண்றது அரிசியும் சீனியும். எங்காளுங்க நடந்து வந்தாங்க” என்றார்.

“சரிங்க ஐயா” என்றேன். திருத்தம் எதுவும் வெளியிடவில்லை. நானும் அந்த ஆட்களின் வழிவந்தவன்தான் என்பதையும் அவரிடம் சொல்லவில்லை. கொழும்பில் தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளாதே என்பது என் தந்தை எனக்குச் சொல்லியனுப்பிய புத்தி. நான் அதைக் கடைப்பிடித்துக்கொண்டிருந்த காலம் அது.

கண்டி வீழ்ந்த சில ஆண்டுகளுக்குள் மலைகளில் கோப்பிச் செய்கை தொடங்கியது. 1824இல் ஆளுநராக வந்த எட்வர்ட் பார்ன்ஸ் தாமே ஒரு கோப்பித் தோட்டக்காரர். 1830களின் பிற்பகுதியிலும் 1840களிலும் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டுத் தோட்டங்களாயின. அவற்றில் வேலை செய்ய இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் பகுதிகளிலிருந்து மக்கள் வந்தார்கள். கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் அதிகக் கைகள் தேவை. ஆகவே தொடக்கத்தில் பெரும்பாலும் ஆண்களே வந்தார்கள்; பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். ஆண்டுதோறும் போவதும் வருவதுமாக இருந்ததால், பாதையின் துன்பமும் ஆண்டுதோறும் இரண்டு முறை.

பாய்மரத் தோணியில் பாக்குநீரிணையைக் கடந்து தலைமன்னார், அரிப்பு போன்ற கரைகளில் இறங்குவார்கள். அங்கிருந்து கங்காணி முன்னே செல்ல, கூட்டம் கூட்டமாக நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளை. அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து போவார்கள். ஆங்கிலேயர் இதை வடபாதை என்று பதிவு செய்தார்கள். வழிச்செலவு கங்காணி கொடுத்த முன்பணம். முதல் நாள் பெரட்டுக்கு நிற்கும் முன்பே தொழிலாளி கடனாளி.

தாகம், பசி, மலேரியா, வயிற்றுளைவு, அம்மை. எல்லாவற்றுக்கும் மேலாக வாந்திபேதி. விழுந்தவரைத் தூக்கிச் செல்லும் வலு மற்றவர்களுக்கு இல்லாதபோது, வழியிலேயே விட்டுச் சென்றார்கள். 1841 முதல் 1848 வரை மட்டும் எழுபதாயிரம் பேர், வந்தவர்களில் நான்கில் ஒருவர், இறந்ததாகக் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஒன்று 1849இல் மதிப்பிட்டது. இந்தத் தொகை மிகை என்போரும் உண்டு. ஊர் திரும்பியவர்கள் சரியாகக் கணக்கிடப்படவில்லை என்பது அவர்கள் வாதம். எண்ணிக்கை வழக்கு எப்படி முடிந்தாலும், ஏற்றுமதியான கோப்பியை அந்தர் கணக்கில் எழுதி வைத்தவர்கள், அதைப் பறிக்க வந்தவர்களின் சாவைக் கணக்கெடுக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

என் அப்பாயியின் பாட்டி சிறுமியாக இந்த வழியில் நடந்து வந்தவர். அது 1870களில் இருக்கலாம். அப்பாயிக்குக் காலக்கணக்குத் தெரியாது. ஆனால் லயத்து வாசலில் எப்போதும் ஒரு குடம் தண்ணீரும் ஒரு சிரட்டையும் வைத்திருப்பார். யார் போனாலும் குடிக்கலாம். ஏன் என்று கேட்டால், “எங்க பாட்டி சொன்னது. ரோட்டுல தண்ணி கேட்டவங்கள விட்டுட்டு வந்தோம்னு சொல்லிச் சொல்லி அழும்” என்பார். எனக்கு அப்போது அது ஒரு கிழவியின் பழக்கம்.

நாங்கள் இரவு ரயிலில் தலைமன்னார் போய்ச் சேர்ந்தோம். 1990இல் போரினால் நின்ற அந்த ரயில் 2015 மார்ச்சில்தான் இறங்குதுறை வரை மீண்டும் வந்திருந்தது. முதல் நாள் பேசாலை, மன்னார் கடந்து முருங்கன் வரை. கச்சான் காற்று மணலை முகத்தில் அள்ளி வீசியது. கட்டுக்கரைக் குளத்தின் கரையில் ஓய்வெடுத்தபோது, எங்களிடம் இருந்த நான்கு போத்தல் தண்ணீரும் தீர்ந்திருந்தது. கையில் பணமும், கூப்பிடும் தூரத்தில் கடையும் இருந்த நாங்களே சோர்ந்து போனோம்.

இரண்டாம் நாள் செட்டிகுளம் அருகே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். செம்பைக் கொண்டுவந்த அம்மாவின் பேச்சு மன்னார்ப் பேச்சன்று. என் அப்பாயியின் பேச்சு. “நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். “மாத்தளைங்க. எழுபத்தேழு கலவரத்துல எங்கப்பா எங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு இங்க வந்துட்டாரு” என்றார். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா மாவட்டத்துக்கு இப்படி வந்தவர்கள் பலர். அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் 2009இல் போர் முடிந்தபோது மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அடைபட்டிருந்தனர். ஒரே பாதையில் எத்தனை தலைமுறைகளின் ஓட்டம்.

மதவாச்சியைத் தாண்டியதும் கடைப்பலகைகளின் மொழி மாறியது. கோவில் மணிக்குப் பதிலாகப் பிரித் ஓதும் ஒலி. அநுராதபுரச் சீமை 1873 வரை வட மாகாணத்தோடுதான் இருந்தது. வட மத்திய மாகாணம் அந்த ஆண்டில்தான் உருவாக்கப்பட்டது. 1840களில் இங்கே நடந்தவன் கண்டவை தூர்ந்துபோன குளங்கள், அடர்ந்த காடு, இடையிடையே சிறு கிராமங்கள். தனக்குத் தெரியாத மொழி பேசுவோரிடம், தனக்குப் பின்னால் வாந்திபேதி வருகிறது என்று அஞ்சுவோரிடம், அவன் தண்ணீர் கேட்க வேண்டியிருந்தது.

நான்காம் நாள் காலை தம்புள்ளைக் குகை விகாரையின் அடிவாரத்தில் நின்றோம். இங்கேதான் 1848 ஜூலையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். அங்கிருந்து கிளர்ச்சி மாத்தளைக்கு இறங்கியது. நாய், துப்பாக்கி, கடை ஆகியவற்றின் மீதான வரிகளோடு, ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்ற சட்டமும் அந்தக் கோபத்தின் காரணங்களுள் ஒன்று. வீர புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

என் நண்பர் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: “கோப்பியை இறக்க வீதி போடு என்று எங்கள் ஆட்களை வருத்தினார்கள். கோப்பியைப் பறிக்க வா என்று உங்கள் ஆட்களைச் சாகவிட்டார்கள். இரண்டையும் நான் ஒரே பாடத்தில் படித்ததில்லை, படிப்பித்ததும் இல்லை.”

நானும் படித்ததில்லை. சிங்கள விவசாயி தன் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்த அதே ஆண்டுகளில், தமிழ்த் தொழிலாளி அந்த நிலத்துக்குக் கொண்டுவரப்பட்டான். ஒருவனுக்கு மற்றவனே எதிரியாகத் தெரிந்தான். இலாபம் இருவர் கண்ணிலும் படாமல் லண்டனுக்குப் போனது.

நாலந்தாவைக் கடந்ததும் காற்றில் ஈரம் வந்தது. பல்லவர் சாயலில் கல்லால் எழுந்த நாலந்தா கெடிகே, நீர்த்தேக்கத்துக்காக இடம் பெயர்த்து மீண்டும் அடுக்கப்பட்ட கட்டடம். பிறகு வாசனைத் திரவியத் தோட்டங்கள், அதன்பின் பௌத்தத் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட அலுவிகாரை. மாலையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் 108 அடிக் கோபுரம் தெரிந்தது. 1874இல் கட்டப்பட்ட கோவில். 1983 ஜூலையில் தீக்கு இரையாகி மீண்டும் எழுந்தது. நடந்து வந்தவர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு அம்மனை வணங்கிய ஊர் இது. என் நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னே உள்ளே போனார்.

1848 கிளர்ச்சிக்கு நகரத்தில் தூபி உண்டு. இருக்க வேண்டியதுதான். ஆனால் நாங்கள் வந்த நான்கு நாட்களில், வழியில் இறந்தவர்களுக்கென ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

கோப்பி இலைநோயால் அழிந்து, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். வந்தவர்கள் குடும்பமாகத் தங்கினார்கள். நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோய் அச்சத்தால் வடபாதை மூடப்பட்டது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் இணைந்தன. 1948 குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென எழுதியது. ஒப்பாரிக் கோச்சி என்று மக்கள் பெயரிட்ட ரயிலில் அவர்கள் தலைமன்னாருக்கே திரும்பிப் போனார்கள். என் அப்பாயியின் தங்கையும் அதில் போனார். எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003இல் சட்டம் வந்தது.

2023 ஜூலை 28இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவானதை ஒட்டி, தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கியது. ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. பதினாறு நாட்கள். நான் அன்று மாத்தளையில் வீதியோரம் நின்றிருந்தேன். குறிப்பேடு கையில் இருந்தும் எழுதவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோரில் ஒருவனாக நின்றேன்.

அந்த முதிய ஆசிரியர் இப்போது இல்லை. அவர் கேட்காமலேயே கேட்ட திருத்தத்தை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக இங்கே வெளியிடுகிறேன்:

எங்கள் கட்டுரையில் “கப்பல்களில் இறக்குமதி செய்யப்பட்ட தொழிலாளர்கள்” என்று வந்தது தவறு. கடலைத் தோணியில் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்து வந்தார்கள். அவர்களுள் ஒரு சிறுமியின் பேத்திக்குப் பேரன் நான்.